ஷீப்யார்ட் ஃபிளாட்டுக்கு டிக்கெட் வேண்டாம்

போன வாரம் எங்கள் மெல்பர்ன் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் ஆறேழு படம் போட்டார். ஹௌக்வா ஆற்றங்கரையில் டென்ட் அடித்துத் தங்குகிற ஷீப்யார்ட் ஃபிளாட், நீண்ட விடுமுறை முடிந்த மறுநாள். நசுங்கிய பியர் டின், கிழிந்த மடக்கு நாற்காலி, புதரெல்லாம் வெள்ளை வெள்ளையாக டாய்லெட் பேப்பர். கீழே ஒரு வரி: “இலவசமா விட்டா இப்படித்தான். தலைக்கு முப்பது டாலர் வாங்கட்டும், தானா திருந்துவாங்க.” அதற்கு நாற்பது கட்டைவிரல். நான் போடவில்லை. ஏன் என்று அங்கே எழுதினால் சண்டையாகும், அதனால் இங்கே.

தெரியாதவர்களுக்கு: மெல்பர்னிலிருந்து மான்ஸ்ஃபீல்ட் என்ற ஊர் இரண்டரை மணி நேரம். மெரிஜிக் தாண்டி மண்சாலையில் மலை ஏறி இறங்கினால் ஹௌக்வா ஆறு. ஈல்டன் ஏரியில் போய்ச் சேருகிற மலை ஆறு. கோடையிலும் கால் வைத்தால் எலும்பு வரை குளிரும். அதன் கரையில்தான் ஷீப்யார்ட் ஃபிளாட் முகாம். கட்டணம் இல்லை, முன்பதிவு இல்லை, குழிக் கழிப்பறை உண்டு, குப்பைத்தொட்டி கிடையாது. போன் சிக்னலை மறந்துவிடுங்கள். கொஞ்சம் நடந்தால் காட்டிலேயே வாழ்ந்த ஃபிரெட் ஃப்ரை என்பவர் தன் கையால் மரம் இழைத்துக் கட்டிய வீடு இன்னும் நிற்கிறது.

இந்த நாட்டுக்கு வந்த முதல் வருஷம், மோட்டலில் ஒரு ராத்திரி தங்கக் காசில்லாத காலத்தில், யாரோ பயன்படுத்திக் கழித்த டென்ட்டோடு நாங்கள் போன இடம் அது. அன்றைக்குத் தலைக்கு முப்பது என்றிருந்தால் நாலு பேருக்கு நூற்றிருபது. போயிருக்கவே மாட்டோம்.

அந்த முதல் பயணத்தில் நான் செய்த மடத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். கிளம்பும்போது நெருப்பின் மேல் மண்ணை அள்ளிப் போட்டு, காலால் மிதித்து, அணைத்துவிட்ட திருப்தியில் டென்ட்டைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து டென்ட்டுப் பெரியவர் ஒருவர் வாளியோடு வந்தார். திட்டவில்லை. “மேட், அந்த மண் மேல உள்ளங்கையை வை” என்றார். வைத்தேன், ஒரு நொடிகூடத் தாங்கவில்லை. மண் போட்டால் நெருப்பு அணையாது, தணல் உள்ளேயே மூடிக்கிடக்கும். மணிக்கணக்காகச் சூடு இருக்கும். அடுத்து வருகிற குழந்தை வெறுங்காலோடு அதன் மேல் ஓடும். அவர் தண்ணீரை ஊற்றினார், உஸ்ஸென்று ஆவி கிளம்பியது. குச்சியால் கிளறினார், மறுபடி ஊற்றினார். மூன்றாவது வாளிக்குப் பிறகுதான் சத்தம் நின்றது. பத்து லிட்டராவது ஊற்ற வேண்டும், கை வைத்தால் குளிர வேண்டும் என்பதுதான் இந்த மாநில அரசு சொல்வது. எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது எந்தப் பலகையும் இல்லை, அந்த வாளிதான்.

இது சின்ன விஷயம் இல்லை. 1939 ஜனவரியில் இந்த மலைகள் பற்றி எரிந்து 71 பேர் செத்தார்கள். விசாரித்த நீதிபதி ஸ்ட்ரெட்டன், அந்த நெருப்புகளை மூட்டியது மனிதக் கைதான் என்று அறிக்கையில் எழுதினார். 2009 பிப்ரவரியில் 173 பேர். அதனால்தான் ‘டோட்டல் ஃபயர் பேன்’, அதாவது வெளியில் நெருப்பு மூட்ட முழுத் தடை, அறிவித்த நாளில் ஒரு தீக்குச்சிகூடக் கிழிக்கக் கூடாது என்கிறார்கள். அன்றைக்கு ஆற்றங்கரையில் கிரில் பற்றவைக்கிற ஆள் நம்ம ஆளாக இருந்தாலும் சரி, நான் சொல்லத்தான் செய்வேன்.

இப்போது கட்டணத்துக்கு வருகிறேன். காசு கொடுத்தவனுக்குக் கூச்சம் வராது, தான் வாடிக்கையாளர் என்ற நினைப்புத்தான் வரும். “அதான் கட்டியாச்சே, கூட்டுறதுக்கு ஆள் இருக்கும்.” கட்டணம் வாங்குகிற இடங்களின் பாத்திரம் கழுவும் தொட்டியைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

முன்பதிவு வைத்தால் ஒழுங்கு வரும் என்பதற்கும் ஒரு பாடம் இருக்கிறது. 2024 டிசம்பரிலிருந்து 2025 ஜூன் வரை விக்டோரியா அரசு தன் பூங்காக்களின் முகாம்களை இலவசமாக்கியது. நல்ல எண்ணம்தான். என்ன ஆனது? ஆளாளுக்குப் பதிவு செய்து வைத்துக்கொண்டு வரவே இல்லை. இணையத்தில் இடமில்லை என்று காட்டும், நேரில் போனால் காலி. அதைக் காட்டி ‘பார்த்தாயா, இலவசம்’ என்கிறார்கள். வராமலே இடம் பிடித்து வைக்க முடிந்ததுதான் அங்கே கோளாறு. ஷீப்யார்ட் ஃபிளாட்டில் அந்தப் பேச்சே இல்லை. வந்தவனுக்கு இடம், வராதவனுக்கு இல்லை.

அந்த டாய்லெட் பேப்பருக்கு வருவோம், அருவருப்பாக இருந்தாலும். கழிப்பறை இருக்கிற இடத்தில் அதற்கே போங்கள், வரிசையில் நின்றாவது. இல்லாத இடத்தில் தோட்டத்துக்கு வைத்திருக்கிற சின்ன மண்வெட்டி போதும். ஆற்றிலிருந்தும் டென்ட்டிலிருந்தும் நூறு மீட்டர் தள்ளி, ஒரு சாண் ஆழத்துக்குக் குழி தோண்டி, முடிந்ததும் மூடிவிட்டு வாருங்கள். நம்மவர்களில் பாதிப் பேருக்கு இதைச் சொல்லக் கூச்சம், மீதிப் பேருக்குக் கேட்கக் கூச்சம். நாற்பது பேர் ஸ்பீக்கரோடு போகிற நம் ‘கெட்-டுகெதர்’களில் பட்டியல் போடும்போது இறைச்சி எத்தனை கிலோ என்று மூன்று நாள் பேசுகிறோம். மண்வெட்டியை ஒருத்தரும் எழுதுவதில்லை. எண்ணெய்ச் சட்டியை நேரே ஆற்றில் முக்கித் தேய்க்கிற காட்சியையும் நான் பார்த்திருக்கிறேன். கீழே நூறடியில் இன்னொரு குடும்பம் அதே தண்ணீரைத்தான் கெட்டிலில் பிடித்துக்கொண்டிருந்தது.

இன்னொன்று, யாரும் சொல்லாதது: டென்ட் அடிக்கும் முன் மேலே பாருங்கள். யூக்கலிப்டஸ் மரம் காற்றே இல்லாத நாளிலும் கிளையைப் போட்டுவிடும். இங்கே அதற்கு ‘விடோ மேக்கர்’ என்று பெயர். நம் வாயில் சொன்னால் தாலியறுப்பான்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நீண்ட விடுமுறைகளில் அங்கே தாங்க முடியாது. ஜெனரேட்டர் இரைச்சல், நடுராத்திரி வரை பாட்டு. அந்த மூன்று நாளைக்கு ரேஞ்சர்கள் கூடுதலாக வரட்டும், அபராதம் போடட்டும், என் பேரிலேயே போடட்டும். ஆனால் மூன்று நாள் கூத்துக்காக மீதி வருஷம் முழுக்க வாசலில் வசூல் என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

படம் போட்ட நண்பருக்குத் தனியாக போன் செய்தேன். “அண்ணே, நீங்க சொல்றது சரிதான், ஆனா அந்தக் குப்பைய யாரு எடுப்பா?” என்றார். அடுத்த மாதம் இரண்டு பேரும் போகிறோம். பெரிய பை பத்து நான் வாங்கிவிட்டேன். அவரிடம் வாளி இரண்டு கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.