பாலுக்கு முன்னால் சூடு

தாயில்லாத பூனைக்குட்டிகளை வளர்ப்பது பற்றிய உங்கள் கட்டுரையில், அவற்றுக்குப் பசும்பாலில் தண்ணீர் கலந்து கொடுக்கலாம் என்று இருக்கிறது. தயவுசெய்து அதை மாற்றுங்கள். போன ஐப்பசி மழையில் எங்கள் மாடிப்படிக்குக் கீழே நான்கு குட்டிகள் கிடந்தன, கண்கூடத் திறக்கவில்லை. நானும் பசும்பால்தான் கொடுத்தேன். இரண்டே நாளில் வயிற்றுப்போக்கு, ஒன்று போய்விட்டது. இன்னும் மனசு ஆறவில்லை.

அப்புறம் கால்நடை மருத்துவர் சொன்னபடி பூனைக்குட்டிகளுக்கென்றே விற்கும் பால் பவுடரை வாங்கி, 3 மணி நேரத்துக்கு ஒருமுறை, ராத்திரியிலும் எழுந்து கொடுத்தோம். குட்டியைக் கைக்குழந்தை மாதிரி மல்லாத்திப் பிடிக்கக் கூடாது, பால் நுரையீரலுக்குள் போய்விடும். குப்புறப் படுத்த நிலையில்தான் புகட்ட வேண்டும். உடம்பு சில்லென்று இருந்தால் முதலில் சூடு, பிறகுதான் பால். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்தாலே போதும்.

கட்டுரையில் இல்லாத ஒன்று: ஏறக்குறைய 3 வாரம் வரை அவற்றுக்குத் தானாகச் சிறுநீர், மலம் கழிக்க வராது. தாய் நக்கிவிடுவது போல, ஒவ்வொரு முறை பால் கொடுக்கும்போதும் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் அந்த இடத்தை மெதுவாகத் தடவிவிட வேண்டும். சமையலறைத் தராசில் தினமும் எடை பாருங்கள். 10 கிராமாவது ஏற வேண்டும், ஏறாவிட்டால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.

மீதி மூன்றும் பிழைத்துக்கொண்டன. ஒன்று எங்களோடுதான் இருக்கிறது.