வர்த்தகப் பிரிவு படிக்காதவர் கணக்காளராக முடியாதா?

"உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவு எடுக்காதவர்கள், பல்கலைக்கழகம் கிடைக்காதவர்கள் பட்டயக் கணக்காளராக முடியாது" என்று மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. அது பிழை.

1959ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவகம், உயர்தரத்தில் எந்தப் பிரிவில் சித்தியடைந்தவரையும் சேர்க்கிறது. பட்டம் கட்டாயமில்லை. வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ முகாமைத்துவம் படித்தவர்கள் சில பாடங்களுக்கு விலக்குக் கேட்டு விண்ணப்பிக்கலாம், அவ்வளவுதான்.

உண்மையில் கஷ்டமான இடம் வேறு. பரீட்சைகளோடு 3 வருடச் செயன்முறைப் பயிற்சியும் முடிக்க வேண்டும். அந்தச் செய்தியில் இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. பயிற்சிக்குப் போனால் முதலில் கைக்கு வருவது பெரும்பாலும் வங்கி இணக்கக் கூற்றுத்தான்; அதாவது நிறுவனம் பணவரவு செலவைப் பதியும் காசேட்டை வங்கிக் கூற்றோடு ஒப்பிட்டு வித்தியாசத்தை விளக்குவது. காசேட்டில் இருக்கும் காசோலை வங்கிக் கூற்றில் இல்லையா? வவுச்சரைத் தேடி எடுக்க வேண்டும், திகதியைப் பார்க்க வேண்டும், வாங்கியவர் இன்னும் வங்கியில் போடவில்லையா என்று விசாரிக்க வேண்டும். பொறுமைதான் வேண்டும். உயிரியல் படித்த தங்கச்சிக்கும் இது வரும்.

சரி, ஆங்கிலம்தான் பயமா? தமிழிலும் எழுதக்கூடிய ஏ.ஏ.டி. என்ற ஆரம்பநிலைக் கணக்கியல் பரீட்சையில் தொடங்குங்கள். அந்தச் செய்தியை நம்பி விண்ணப்பத்தை ஒதுக்கி வைத்திருந்தால், இன்றைக்கே எடுத்து நிரப்புங்கள்.