ஆளில்லாத ஊராம் எங்கள் ஊர்

அந்த வீடியோவை இதுவரை பதினோரு பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். பார்த்துவிட்டேன், போதும். இனிமேல் யாரும் அனுப்ப வேண்டாம். எந்த வீடியோ என்று தெரியாதவர்கள் நிம்மதியாக இருக்கிறீர்கள், அப்படியே இருங்கள்.

ட்ரோனை மேலே ஏற்றி, எங்கள் ஊர் தரங்கம்பாடியின் கோட்டையை நாலு சுற்றுச் சுற்றி, சோகமாக ஒரு வயலினைப் போட்டு, "டென்மார்க்காரர்கள் உருவாக்கி, கைவிட்டுப் போன ஆளில்லாத நகரம்" என்கிறார் வீடியோ எடுத்த தம்பி. சரி, ஆளில்லாத நகரம். நாலாவது நிமிஷத்தில், திரையின் இடது ஓரத்தில், ஒரு அம்மா தலையில் மீன்கூடையோடு கோட்டைச் சுவரை ஒட்டிப் போகிறார். அவர் போய்க்கொண்டிருக்கும்போதே பின்னால் குரல் சொல்கிறது, "இங்கே மனித நடமாட்டமே இல்லை" என்று. நான் ரீவைண்ட் பண்ணி மூன்று தடவை பார்த்தேன்.

2011 கணக்கெடுப்பின்படி தரங்கம்பாடிப் பேரூராட்சியின் மக்கள்தொகை 23,000 சொச்சம். அதற்குப் பத்து வருஷம் முன்னால் 20,000 சொச்சம். 2021இல் எடுக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாவில் தள்ளிப்போனதால் அதற்குப் பிறகு கணக்கு இல்லை. ஆனால் ஒன்று, கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. இவ்வளவு பேர் எங்கே ஒளிந்துகொண்டார்கள் தம்பி? பொறையாறும் சேர்ந்ததுதான் இந்தப் பேரூராட்சி. பொறையாறு கடைத்தெருவில் சாயங்காலம் ஆறு மணிக்குப் பைக்கை நிறுத்த இடம் கிடைத்தால் எனக்குச் சொல்லுங்கள்.

அவர் போனது காலை ஆறு மணி, இராஜ வீதி. அந்த நேரத்தில் அங்கே யார் நிற்பார்கள்? அதே நேரத்தில் கரையில் ஏலம் ஓடிக்கொண்டிருக்கும். கேமராவைக் கொஞ்சம் திருப்பியிருந்தால் போதும். திருப்பினால் தலைப்பு போய்விடும், அதனால் திருப்பவில்லை.

அடுத்தது, "1620க்கு முன் இது பெயரில்லாத மணல் திட்டு" என்பது. இதற்குத்தான் எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. கோட்டையிலிருந்து கூப்பிடு தூரத்தில், கடலை ஒட்டி மாசிலாமணிநாதர் கோயில் இருக்கிறது. குலசேகர பாண்டியன் காலத்துக் கோயில், 14ஆம் நூற்றாண்டுத் தொடக்கம். கல்வெட்டில் ஊருக்குப் பெயர் சடங்கன்பாடி, குலசேகரன்பட்டினம் என்றும் இருக்கிறது. பட்டினம் என்று பேர் வைத்தால் அங்கே கப்பல் வந்தது, வியாபாரம் நடந்தது, ஆள் இருந்தார்கள் என்று அர்த்தம். டென்மார்க்காரன் வருவதற்கு 300 வருஷம் முன்னால். அந்தக் கோயிலின் பெரும்பகுதியைக் கடல் தின்றுவிட்டது, அது வேறு கதை. ட்ரோன் அதன் மேலேயும்தான் பறந்தது. "பழைய கோயில் ஒன்று" என்று அரை விநாடி.

ஒரு விஷயம் கேட்கிறேன். 1620இல் டென்மார்க் கப்பல்களோடு அவர்கள் தளபதி ஓவே ஜெடே வந்தார், தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டார், கோட்டை கட்ட இடம் வாங்கினார். வருஷா வருஷம் தஞ்சாவூருக்குப் பணம் கட்ட வேண்டும். நாயக்கர் டென்மார்க் ராஜாவுக்குத் தங்கத் தகட்டில் எழுதிய கடிதம் இன்றைக்கும் கோபன்ஹேகனில் இருக்கிறது, தமிழில். ஆக, வாடகை கட்டிக் குடியிருந்தவர்கள் அவர்கள். 225 வருஷம் இருந்துவிட்டு 1845இல் வங்காளத்து செராம்பூரையும் இதையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு இங்கிலீஷ்காரனிடம் விற்றுவிட்டுப் போனார்கள். குடியிருந்தவர் காலி பண்ணிப் போனால் வீடு ஆளில்லாத வீடாகிவிடுமா? வீட்டுக்காரன் உள்ளேதானே இருக்கிறான்!

"பிரச்சாரம் பண்ணாதே, டேனிஷ்காரன் வரலைன்னா உன் ஊரை யாருக்குத் தெரியும்" என்று ஒருத்தர் கமெண்டில் எழுதுவார், எனக்குத் தெரியும். எழுதுங்கள். பாதிரியார் சீகன்பால்கு 1706இல் வந்ததை நான் மறுக்கவில்லை. தமிழில் புதிய ஏற்பாடு அச்சானது இங்கேதான், 1714–15 வாக்கில். காகிதத்துக்குத் தட்டுப்பாடு வந்து பொறையாறு பக்கம் காகிதம் செய்யவே ஆரம்பித்தார்கள், அந்த இடத்துக்குக் கடுதாசிப்பட்டறை என்றே பேர். ஆனால் சீகன்பால்குவுக்குத் தமிழ் யார் சொல்லிக்கொடுத்தது? உள்ளூர்க்காரர்கள்தான், மணலில் எழுத்து எழுதிக் காட்டி. அந்த ஆட்களும் இந்த ஊர்தான்.

அப்புறம் அந்த ஓசோன். "உலகத்திலேயே ஓசோன் அதிகமுள்ள கடற்கரை" என்று எங்கள் ஊர்க்காரர்களே பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். நானும் கல்லூரியில் சொல்லித் திரிந்தவன்தான். தரைமட்டத்தில் ஓசோன் அதிகமாக இருந்தால் நுரையீரலுக்குக் கெடுதல், ஐயா. பெருமையில்லை.

கொஞ்சம் என் கதை. எனக்கு எட்டு வயசாக இருந்தபோது, 1986இல், மாயவரம் – தரங்கம்பாடி ரயில் நின்றது. 1926இல் விட்ட மீட்டர்கேஜ் பாதை. மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையாறு என்று நின்று நின்று வரும். என் அப்பாயி கடைசி வரை ரயிலடி என்றுதான் அந்த இடத்தைச் சொல்வார். ரயில் போய்ப் பல வருஷம் கழித்தும், "ரயிலடிப் பக்கம் போயி வெத்தல வாங்கிட்டு வாடா" என்பார். இப்படி ஒவ்வொன்றாகப் போன ஊர் இது. 1845க்குப் பிறகு 15 வருஷம் தஞ்சாவூர் ஜில்லாவின் கலெக்டர் உட்கார்ந்திருந்த இடமே தரங்கம்பாடிதான், அதுவும் போனது. பிறகு நாங்கள் தஞ்சாவூர் மாவட்டம், 1991இல் நாகப்பட்டினம், 2020 டிசம்பரில் மயிலாடுதுறை. வீடு மாறாமலே மூன்று மாவட்டத்தில் குடியிருந்துவிட்டார் என் அப்பா. நண்டலாறு தாண்டினால் காரைக்கால், அது வேறு அரசாங்கம். காவிரி வந்து முடிகிற கடைமடையில் தண்ணீரும் கடைசி, எல்லாமும் கடைசி. ஆனால் ஆள் போகவில்லை. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

சரி, "நீயே சென்னையில் உட்கார்ந்துகொண்டு எழுதுகிறாய்" என்பீர்கள். ஆமாம், வேலை இங்கே. இதற்கு என்னிடம் பதில் இல்லை, இருந்தாலும் சொல்ல மாட்டேன். "சுற்றுலா வளர்ந்தால் நல்லதுதானே" என்றால், வளரட்டும். கோட்டையைப் பாருங்கள், 1792இல் கட்டிய வாயிலைப் பாருங்கள், பக்கத்துத் தில்லையாடிக்கும் ஒரு எட்டுப் போய் வாருங்கள், தென்னாப்பிரிக்கப் போராட்டத்தில் உயிர்விட்ட வள்ளியம்மைக்காகக் காந்தி 1915இல் வந்த ஊர் அது. ஆனால் ஆளைப் பார்த்துவிட்டு ஆளில்லை என்று சொல்லாதீர்கள்.

கடைசியாக வீடியோக்காரத் தம்பி சுனாமிக்கு வருகிறார். "கடலும் இந்த நகரத்தைக் கைவிட்டது", அதற்கும் வயலின். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நான் அப்போதும் சென்னையில்தான். காலையிலிருந்து போன் போட்டுக்கொண்டே இருந்தேன், சாயங்காலம்தான் ஊரிலிருக்கும் என் தம்பி குரல் கேட்டது. "எல்லாரும் இருக்கோம்" என்றான், அப்புறம் தெருவாரியாக இல்லாதவர்கள் பேரைச் சொல்ல ஆரம்பித்தான். சொல்லிக்கொண்டே போனான். என்னோடு நாலாம் வகுப்பு படித்தவன் பேரும் வந்தது. அந்தக் கரையில்தான் அதற்குப் பிறகும் வலை பின்னினார்கள், படகு வாங்கினார்கள், பிள்ளை பெற்றார்கள். அதை ஆளில்லாத நகரம் என்று சொல்ல ஒரு மனசு வேண்டும்.

என் அக்கா பையன், கோயம்புத்தூரில் படிக்கிறவன், போன் பண்ணி, "மாமா, உங்க ஊர்ல பேய் இருக்காமே, யாருமே இல்லையாமே" என்கிறான். உன் அம்மா பிறந்த ஊர்டா என்றேன்.

அந்த மீன்கூடை அம்மா யார் என்று என் தம்பியிடம் கேட்டேன். அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டான், எங்கள் ஊர் அவ்வளவுதான் பெரிசு. பேர் போட மாட்டேன். வீடியோவை அவரிடம் காட்டியிருக்கிறான். முழுசாகப் பார்த்துவிட்டு அவர் சொன்னது: "ஆமா, இந்தப் புள்ளதான். சங்கரா இருக்கு வேணுமாப்பான்னு கேட்டேன், மேலேயே பாத்துக்கிட்டுப் போயிருச்சு."