ஆதார் இருந்தா மட்டும் போதாதுங்க
"முகாம்ல இருக்கிற இலங்கைத் தமிழர்களுக்கு ஆதார் கிடைச்சாச்சு, ஆவணப் பிரச்சினை தீர்ந்துச்சு"ன்னு கட்டுரைல போட்டிருக்கீங்க, அந்த ஒரு வரிய என்னால ஏத்துக்க முடியல. ஊத்தங்கரைல ஜெராக்ஸ் கடை வச்சு ஆன்லைன் அப்ளிகேஷன் போட்டுத் தர்றேன், பாம்பாறு அணை முகாம் புள்ளைங்க நெறைய வருவாங்க. 182 நாள் இங்க தங்கியிருந்தா வெளிநாட்டுக்காரங்களுக்கே ஆதார் உண்டு, அது குடியுரிமைக்கு அத்தாட்சியே கிடையாது. இன்ஜினியரிங் முடிச்ச பொண்ணு ஒன்னு வேலைக்கு அப்ளை பண்ண வந்துச்சு, பாஸ்போர்ட் நம்பர் கட்டத்துல செவப்பு ஸ்டார், அத நிரப்பாம அடுத்த பக்கமே தொறக்கல, பர்த் சர்டிபிகேட்ல கிருஷ்ணகிரினு அடிச்சிருக்கு, ஆனா 1987 ஜூலை 1லேருந்து பொறந்திருந்தா, இந்தியக் குடியுரிமை கிடைக்க அப்பா அம்மால ஒருத்தராவது இந்தியரா இருக்கணும்னு சட்டம், அது எங்க போகும் சொல்லுங்க? மண்டபம் முகாம்ல 1986ல பொறந்த ஒரு அம்மாவுக்கு பாஸ்போர்ட் குடுக்கச் சொல்லி 2022ல ஹைகோர்ட் மதுரைக் கிளை உத்தரவு போட்டுச்சு, அவங்க அந்தத் தேதிக்கு முன்னாடி பொறந்ததால தான் அது நடந்துச்சு. மேல கமெண்ட் போட்ட அண்ணா, சிஏஏல, அதான் குடியுரிமைத் திருத்தச் சட்டத்துல, குடியுரிமை வாங்கிக்கலாமேன்னு கேட்டிருக்கீங்க, அதுல பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மட்டும் தான், இலங்கை இல்ல. 2025 செப்டம்பர்ல மத்திய அரசு போட்ட உத்தரவும் 2015 ஜனவரி 9 வரைக்கும் வந்து பதிவு பண்ண இலங்கைத் தமிழர்கள் பாஸ்போர்ட், விசா இல்லாம தங்கினதுக்கு தண்டனை இல்லன்னு தான் சொல்லுது, நல்லது தான், ஆனா குடியுரிமை குடுக்கல. இங்கயே பொறந்து நம்ம ஸ்கூல்லயே படிச்ச புள்ளைங்களுக்கு என்ன வழின்னு அடுத்த கட்டுரைல அதிகாரிங்கள கேட்டு எழுதுங்க.