கெஸ்ட் ஆர்ட்டிஸ்ட் என்றால் வேலை போனவரா?

பாளையங்கோட்டையில் நடனம் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றுகிறது: "பாலே நடனத்தில் கெஸ்ட் ஆர்ட்டிஸ்ட் என்றால் சொந்தக் குழு கழற்றிவிட்ட ஆள்." இது தவறு. வேறொரு குழு தன் மேடையில் ஆட அழைக்கும் விருந்தினர் கலைஞர்தான் கெஸ்ட் ஆர்ட்டிஸ்ட்.

பிரெஞ்சு பாலே கலைஞர் சில்வி கியெம், பாரிஸ் ஓபராவின் பாலே குழுவில் 19 வயதிலேயே உச்ச நிலையான 'எத்துவால்' ஆனவர். வெளிமேடைகளிலும் ஆடும் சுதந்திரம் வேண்டும் என்று 1989-இல் அவராகவே விலகி, லண்டனின் ராயல் பாலே குழுவில் முதன்மை விருந்தினர் கலைஞரானார். யாரும் அனுப்பவில்லை.

நம்மூர் அம்மன் கொடைக்கு வெளியூர் வில்லுப்பாட்டுக்காரரை வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிறோமே, பேர் வாங்கியவரைத்தானே கூப்பிடுகிறோம்?

சரி, விருந்தினராக மட்டுமே ஆடுபவருக்கு மாதச் சம்பளம் கிடையாது. அது மெய்யான சிரமம். அப்புறம், பழக்கமில்லாத ஜோடியோடு சில நாள் ஒத்திகையிலேயே மேடையேற வேண்டியிருக்கும். தூக்கும் கை ஒரு நொடி பிந்தினாலும் விழுவது அவர்தான். தேறாதவரை நம்பி அந்த இடத்தைக் கொடுப்பார்களா?