வேலை பர்மனென்ட்டுங்களா?

போன வாரம் பால் சொசைட்டி வாசலில் ஒருவர் என்னை நிறுத்தினார். மகள் பிளஸ் டூ. என்னிடம் டியூஷன் படித்த பிள்ளை. என்.டி.ஏ. (முப்படை அதிகாரிகளுக்கான தேசியப் பாதுகாப்பு அகாடமி) பரீட்சை எழுதி விமானப்படைக்குத்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாளாம். ஆபத்தாச்சே என்பார், இல்லை கல்யாணப் பேச்சை எடுப்பார் என்று நினைத்து நான் மனசுக்குள் பதிலைத் தயார் பண்ணிக்கொண்டு நின்றேன். அவர் கேட்டது வேறு.

"ஏனுங்க டீச்சர், வேலை பர்மனென்ட்டுங்களா?"

சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்தால், அதைவிடச் சரியான கேள்வி இல்லை என்று தோன்றியது.

எங்கள் பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இருப்பவர்களுக்குப் போர் விமானம் புதிதில்லை. கோவை சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பியது ஒன்று இந்தப் பக்கம் திரும்பினால், தோப்பில் பேசிக்கொண்டிருப்பவர்கள் வாயை மூடிக்கொண்டு அது போகும்வரை காத்திருப்போம். மார்ச் 8, மகளிர் தினம் வந்தால் முகநூலிலும் விமானங்கள் பறக்கும். இரண்டாம் உலகப் போரில் இரவில் குண்டு போட்ட சோவியத் பெண் விமானிகள், 'இரவுச் சூனியக்காரிகள்' படம் கட்டாயம் வரும். மரச்சட்டத்தில் துணி போர்த்திய பயிற்சி விமானம், எதிரி முகாமை நெருங்கியதும் இன்ஜின் சத்தத்தை அடக்கிக்கொண்டு சறுக்கி வந்து குண்டு போடுவார்கள், ஆண்களின் பூட்ஸுக்குள் துணியைத் திணித்துப் போட்டுக்கொண்டார்கள், இப்படி. எல்லாம் உண்மைதான். ஆனால் 1945 அக்டோபரில் அந்தப் படைப்பிரிவையே கலைத்துவிட்டார்கள் என்கிற வரி மட்டும் அந்தப் படங்களுக்குக் கீழே வராது.

அதே போரில் அமெரிக்காவில் நடந்தது இதைவிட மோசம். 'வாஸ்ப்' என்ற பெண் விமானிகள் பிரிவுக்கு 25,000-க்கும் மேற்பட்டவர்கள் விண்ணப்பித்தார்கள். பயிற்சியை முடித்தவர்கள் 1,074 பேர். தொழிற்சாலையிலிருந்து வரும் புது விமானங்களைத் தளங்களுக்குக் கொண்டுசேர்ப்பார்கள். பழுது பார்த்ததை ஓட்டிப் பார்ப்பார்கள். வாலில் துணி இலக்கைக் கட்டி இழுத்துக்கொண்டு பறப்பார்கள். தரையிலிருந்து பயிற்சி வீரர்கள் அதை நோக்கிச் சுடுவார்கள். நிஜத் தோட்டாக்கள். குறி தப்பினால் விமானத்தின் மேலேயே படும்.

1943 ஆகஸ்டில் மேபல் ராலின்சன் என்ற பெண் ஓட்டிய விமானம், இரவுப் பயிற்சியில் இன்ஜின் கோளாறாகித் தரையில் மோதித் தீப்பிடித்தது. பின் இருக்கையில் இருந்த பயிற்சியாளர் தூக்கியெறியப்பட்டுப் பிழைத்தார். முன் இருக்கையில் இருந்த மேபலால் வெளியே வர முடியவில்லை. தலைக்கு மேலிருந்த மூடியின் தாழ்ப்பாள் ஏற்கெனவே பழுது. ஒரு தாழ்ப்பாள்!

அப்படி இறந்தவர்கள் 38 பேர். காகிதத்தில் அவர்கள் ராணுவமே இல்லை, சிவிலியன் ஊழியர்கள். அதனால் சவப்பெட்டிக்குக் கொடி கிடையாது, உடலை ஊருக்கு அனுப்பும் செலவும் கிடையாது. கூட இருந்த பெண்கள் தங்களுக்குள் காசு வசூலித்து அனுப்பியிருக்கிறார்கள். இவர்களை முறையாக ராணுவத்தில் சேர்க்க 1944-ல் ஒரு மசோதா வந்தது. வேலை போய்த் தரைப்படைக்கு அனுப்பப்படுவோமோ என்று பயந்த ஆண் சிவிலியன் பயிற்சியாளர்கள் கூச்சல் போட்டார்கள், மசோதா தோற்றது. டிசம்பர் 20-ல் பிரிவையே கலைத்தார்கள். போர் அப்போது முடியக்கூட இல்லை.

அப்புறம் 1976-ல், அமெரிக்க ராணுவ விமானங்களை 'முதல் முறையாக' பெண்கள் ஓட்டப்போகிறார்கள் என்று விமானப்படை அறிவித்தது. அந்தக் கிழவிகளுக்கு வந்த கோபத்தில் ஊரே கூடியது, 1977-ல்தான் முன்னாள் படையினர் என்ற அந்தஸ்து கிடைத்தது.

எனக்கு இது ஏன் இவ்வளவு சுடுகிறது என்றால், நானும் ஒரு பள்ளியில் இரண்டு வருஷம் தினக்கூலி டீச்சர். வருகைப் பதிவேட்டில் மற்றவர்கள் பெயர் மையில் இருக்கும், என் பெயர் கடைசியில் பென்சிலில். ஒரு வெள்ளிக்கிழமை மதியம், ஐந்தாம் வகுப்பில் பாதிக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக்கொண்டிருந்தபோது, "பி.எஸ்.சி.யில ஆள் வந்தாச்சு, திங்கட்கிழமை வர வேண்டாம்" என்றார்கள். பி.எஸ்.சி. என்றால் அரசுத் தேர்வாணையம், அதன் வழியாக நிரந்தர ஆள் வந்துவிட்டார். கணக்கை முடித்துவிட்டுத்தான் இறங்கினேன். என்னை யாரும் சுடவில்லை, ஒப்பிடுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனாலும் அந்தப் பென்சில் எழுத்தை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரிந்துவிடுகிறது.

நம் நாட்டுக்கு வருவோம். 1999 கார்கில் போரில் குஞ்ஜன் சக்சேனாவும் ஸ்ரீவித்யா ராஜனும் சீட்டா ஹெலிகாப்டர் ஓட்டினார்கள், காயம்பட்டவர்களைத் தூக்கி வந்தார்கள். குஞ்ஜன் வந்தது குறுகிய காலப் பணியில். 2004-ல் பணி முடிந்தது, வீட்டுக்குப் போனார். 2016-ல் அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் மூவரும் போர் விமானிகளானபோது நாடே கொண்டாடியது. ஆனால் அந்தத் திட்டத்துக்கு அரசு வைத்திருந்த பெயர் 'சோதனை முறை'. அது நிரந்தரத் திட்டம் என்று ஆனது 2022-ல்தான். ஆறு வருஷம் பென்சிலில் இருந்திருக்கிறது, பாருங்கள்.

நேற்று அவரை மறுபடி பார்த்தேன். என்.டி.ஏ. வழியாகப் போனால் நிரந்தரப் பணிதான், பெண்பிள்ளைகளை எடுக்க ஆரம்பித்தே சில வருஷம்தான் ஆகிறது, கோர்ட் சொல்லித்தான் கதவைத் திறந்தார்கள் என்று சொன்னேன். பால் கேனைச் சைக்கிளில் மாட்டிக் கயிற்றை இறுக்கினார்.

"அப்பச் சரிங்க. போட்டோ எத்தனை காப்பி வேணுமுங்க?"