கொரியா கை வைத்த இடம்

2024 பிப்ரவரி 16. தென்கொரியாவின் தேஜோன் நகரத்தில், கைஸ்ட் என்ற அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு விழா. அன்றைய ஜனாதிபதி யூன் சொக் யோல் பேசிக்கொண்டிருக்கிறார். பட்டம் வாங்க வந்த ஒருவர் எழுந்து, ஆராய்ச்சி நிதியைத் திருப்பிக் கொடுங்கள் என்று கத்துகிறார். பட்டமளிப்பு அங்கி போட்ட இன்னொருவர் ஓடிவந்து அவர் வாயைப் பொத்துகிறார். பொத்தியவர் மாணவர் இல்லை, ஜனாதிபதியின் பாதுகாவலர். அப்புறம் நாலைந்து பேர் சேர்ந்து கையையும் காலையும் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். கத்தியவர் சின்ன எதிர்க்கட்சி ஒன்றைச் சேர்ந்தவர்தான். ஆனாலும் அந்த வீடியோவை எங்கள் லேபில் யாரும் வேடிக்கையாகப் பார்க்கவில்லை.

நான் அப்போது அதே ஊரில் போஸ்ட்டாக், அதாவது பிஎச்டி முடித்துவிட்டு ஒப்பந்தத்தில் ஆராய்ச்சி செய்கிறவன். 2023இல் 31.1 லட்சம் கோடி வோனாக இருந்த அரசின் ஆராய்ச்சி நிதி, 2024இல் 26.5 லட்சம் கோடி ஆகிவிட்டது. எங்களுக்கு அது வந்து சேர்ந்த விதம்: வேக்குவம் பம்ப்பில் எண்ணெய் சொட்டியது. அடியில் ஒரு அலுமினியத் தட்டை வைத்தோம். ரிப்பேர் கொட்டேஷன் ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. நான் கிளம்பும்வரை நின்றது.

ஆராய்ச்சிப் பணத்தைத் தங்களுக்குள் பங்கு போட்டுத் தின்கிறார்கள் என்பதுதான் வெட்டுக்கு அரசு சொன்ன காரணம். அதில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். அங்கே அரசு ப்ராஜெக்ட்டுகளில் அநேகமாக எல்லாமே 'வெற்றி' என்றுதான் முடியும். முடிவு பாதி தெரிந்த வேலையைத்தான் எழுதிக் கொடுப்பார்கள், தோற்றால் அடுத்த ஃபண்ட் வராதே! சரி, இந்தப் பயத்துக்குப் பணத்தை வெட்டுவது மருந்தா? ப்ரொஃபசருக்கு வேலை போகாது. முதலில் அடிபடுவது மாணவரின் உதவித்தொகையும் எங்களைப் போல ஒப்பந்தத்தில் வேலை பார்ப்பவர்களும்தான்.

இத்தனைக்கும் ஆளைப் பிடித்து வைப்பதில் கெட்டிக்கார நாடு அது. 1966இல், வியட்நாமுக்குப் படை அனுப்பியதை ஒட்டி வந்த அமெரிக்க உதவியில் கிஸ்ட் என்ற ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். முதல் தலைவர் சோய் ஹ்யோங் சொப், வெளிநாட்டில் இருந்த கொரிய விஞ்ஞானிகளைத் தேடிப்பிடித்து அழைத்து வந்தார். அரசுப் பல்கலைக்கழகப் பேராசிரியரைவிடப் பல மடங்கு சம்பளம், வீடு. அதுவும் ஏழை நாடாக இருந்தபோது! இன்று மொத்த உற்பத்தியில் நூற்றுக்கு ஐந்து பங்கை ஆராய்ச்சிக்குச் செலவழிக்கிறார்கள் (பெரும்பகுதி கம்பெனிகளின் பணம்).

கைஸ்ட் விழாவுக்குப் பத்து நாள் முன்புதான் மருத்துவப் படிப்பில் 2,000 இடம் கூட்டப்போவதாக அதே அரசு அறிவித்திருந்தது. எங்கள் லேபில் கை சுத்தமாக வேலை செய்கிற பையன் ஒருவன், அந்தக் கோடையில் பிஎச்டியை விட்டுவிட்டு, மருத்துவம் சேர மறுபடி நுழைவுத் தேர்வுக்குப் படிக்கப் போய்விட்டான். போகிற அன்று பம்ப்புக்கு அடியில் இருந்த தட்டைக் கழுவித் துடைத்து வைத்துவிட்டுப் போனான். நான் ஒன்றும் சொல்லவில்லை, சொல்ல என்ன இருக்கிறது?

அப்புறம் யூன் பதவி இழந்தார். புதிய அரசு 2026க்கு 35 லட்சம் கோடிக்கு மேல் ஒதுக்கியிருக்கிறது. நல்லதுதான். ஆனால் அங்கே ஜனாதிபதிக்கு ஒரே ஒரு ஐந்தாண்டு. ஆள் மாறினால் அறிவியல் அமைச்சகத்தின் பெயர்ப் பலகையே மாறக்கூடும், 2008, 2013, 2017 என்று மூன்று முறை மாறியாகிவிட்டது. பத்து வருஷ ஆய்வை எந்தத் தைரியத்தில் தொடங்குவது?

போன மாதம் பழைய ப்ரொஃபசர் மெயில் போட்டிருந்தார். புது பம்ப் வந்துவிட்டதாம், உங்கள் பக்கத்தில் நல்ல ஆள் இருந்தால் சொல்லுங்கள் என்றார். தெரிந்த ஒரு பெண்ணிடம் சொன்னேன். ஒப்பந்தம் எத்தனை வருஷம் அண்ணா என்று கேட்டாள்.

ஒரு வருஷம்.